ஜோடியை மாற்ற அனுமதியுங்கள்: இரட்டையர் டைம் டிரையல் நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பந்தய அமைப்பாளர்களுக்கும் விதிமுறைக் குழுவினருக்கும்,

வணக்கம். பருவத் தொடக்கத்தில் நீங்கள் நடத்தும் இரட்டையர் டைம் டிரையல்களில், அதாவது இருவர் ஜோடியாகக் கடிகாரத்தை எதிர்த்து ஓட்டும் சைக்கிள் பந்தயங்களில், விடாமல் கலந்துகொள்ளும் அமெச்சூர்களில் நானும் ஒருவன். போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததுதான் இதை எழுத வைத்தது. அன்று எண் அட்டை கொடுக்கும் மேசையில் இருந்தவர்கள் உங்களிடம் சொல்லியிருப்பார்கள். அதனால் முன்கதையை நீட்டாமல் கோரிக்கையைச் சொல்லிவிடுகிறேன். ஜோடியில் ஒருவருக்கு உடம்பு சரியில்லாமல் போனால், அவருக்குப் பதிலாக வேறொருவரைச் சேர்த்துக்கொள்ள பந்தய நாள் காலை வரை அனுமதி கொடுங்கள்.

இப்போது உள்ள விதி உங்களுக்கே தெரியும். பெயர்ப் பதிவு முடிந்துவிட்டால் ஜோடியில் கை வைக்க முடியாது. ஒருவர் வரவில்லை என்றால் இருவருமே வெளியே. தனிநபர் டைம் டிரையலில் இந்தச் சிக்கல் கிடையாது. காய்ச்சல் வந்தவர் வீட்டில் படுத்துக்கொள்வார், நட்டம் அவரோடு போய்விடும். ஜோடிப் பந்தயத்தில் அவர் படுத்தால் இன்னொருவரும் படுக்க வேண்டும். அதுவும் எந்தக் காலத்தில்? சளியும் இருமலும் வீட்டுக்கு வீடு சுற்றிக்கொண்டிருக்கும் குளிர்காலத்தின் கடைசியில். பதிவு முடிவதற்கும் பந்தயத்துக்கும் இடையில் ஒரு வாரத்துக்கும் மேல் இருக்கிறது. அத்தனை நாளும் இரண்டு உடம்புமே நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கும் விதி இது.

சனிக்கிழமை இரவு என் கூட்டாளியிடமிருந்து செய்தி வந்தது. காய்ச்சல், எழுந்து நிற்க முடியவில்லை என்று எழுதியிருந்தார். கூடவே கடைசியில் ஒரு வரி: "ஆனாலும் வந்துடறேன், என்னால உன் ரேஸ் கெடக் கூடாது." வரவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, காலையில் நான் மட்டும் மேசைக்குப் போனேன். எனக்கு முன்னால் வரிசையில் நின்றவருக்கும் அதே கதை. அவருடைய கூட்டாளி இரண்டு நாள் முன்பு பயிற்சியில் விழுந்து காறை எலும்பை முறித்துக்கொண்டிருந்தார். நானும் வரிசையில் நின்ற அவரும் வேறு வேறு கிளப் என்றாலும், குளிர்காலம் முழுக்கக் குழுப் பயணங்களில் மாறி மாறி ஒருவர் பின்சக்கரத்தை ஒட்டி இன்னொருவர் ஓட்டியவர்கள். இருவரும் தயாராக நிற்கிறோம், சைக்கிள்கள் தயார், ஹெல்மெட் தலையில், பின் விளக்கு எரிகிறது. எங்கள் இருவரையும் ஒரு ஜோடியாக விடுங்கள் என்று கேட்டோம்.

பட்டியல் அச்சாகிவிட்டது என்றார்கள். கடைசியில் கிளம்புகிறோம் என்றோம். முடியாது. பரிசுக்கு எங்களைக் கணக்கில் எடுக்க வேண்டாம், நேரத்தைக்கூட அறிவிக்க வேண்டாம், ஓடினால் போதும் என்றோம். அதற்கும் விதி இடம் தராது என்று பதில் வந்தது. மேசையில் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார், அவர் மேல் எனக்குக் குறை இல்லை. விடிகாலையிலிருந்து சம்பளமில்லாமல் குளிரில் உட்கார்ந்திருக்கும் தன்னார்வலர் அவர். அவர் கையில் அந்த விதியைக் கொடுத்து உட்கார வைத்தது நீங்கள். அதனால்தான் இந்த மடல் உங்களுக்கு.

பிறகு நடந்ததை நீங்கள் ஒருமுறை நேரில் பார்த்திருக்க வேண்டும். எங்கள் முறை வந்தபோது தொடக்கக் கோட்டில் யாரும் இல்லை. நேரம் பார்ப்பவர் கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெறும் சாலையைப் பார்த்து நின்றார். ஜோடிகள் இரண்டு நிமிட இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்புவதால், காலி இடம் என்றாலும் அதற்குரிய இரண்டு நிமிடம் கழிந்தாக வேண்டும், கழிந்தது. அப்புறம் அந்த இன்னொருவரின் முறையிலும் இன்னொரு இரண்டு நிமிடம் அப்படியே போயிற்று. நாங்கள் இருவரும் பத்தடி தள்ளி நின்றுகொண்டிருந்தோம். அந்த நான்கு நிமிடத்தில் எந்த இடத்தில் எங்களை விட்டிருந்தாலும் யாருக்கு என்ன குறைந்திருக்கும்? இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் வேண்டும்.

ஓட முடியாததால் பாதை திரும்பும் இடத்துக்கு நடந்து போய் நின்றேன். அங்கே பார்த்ததுதான் இதை உடனே எழுத வைத்தது. யார் என்று சொல்ல மாட்டேன், ஒரு ஜோடி வந்தது. பின்னால் ஓட்டியவருக்குக் காய்ச்சல் இன்னும் விடவில்லை என்பது அவர்கள் கிளப்பில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. திருப்பத்தில் அவர் ஏழெட்டு மீட்டர் பின்தங்கிவிட்டார். முன்னால் போனவர் திரும்பித் திரும்பிப் பார்த்து வேகத்தைக் குறைத்தார். பின்னால் இருந்தவர் தலையைத் தொங்கப் போட்டபடி எட்டிப் பிடிக்க அழுத்தினார். பிடித்துவிட்டோம் என்பதையே அவர் பார்க்கவில்லை. அவருடைய முன் சக்கரம் கூட்டாளியின் பின் சக்கரத்தோடு உரசப் போன நொடியில் எங்கள் பக்கமிருந்து யாரோ கத்தினார்கள், விலகிக்கொண்டார். இருவர் கையும் ஏரோ பாரில், காற்றுக்கு ஒதுங்கிக் குனிந்து பிடிக்கும் முன் கம்பியில், இருந்தது. அந்த நிலையில் பிரேக் கைக்கு எட்டாது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவர் ஏன் வந்தார்? கூட்டாளியின் பருவத்தின் முதல் பந்தயம் தன்னால் பாழாகிவிடக் கூடாது என்று வந்தார். என் கூட்டாளி எழுதிய அதே வரி. நான் தடுத்துவிட்டேன், அவரைத் தடுக்க ஆள் இல்லை.

முன்பின் ஓட்டிப் பழகாத இருவர் ஒட்டி ஓட்டினால் ஆபத்து என்று பாதுகாப்பைக் காரணம் காட்டித்தான் இந்த விதி வந்தது என்று கேள்விப்படுகிறேன். அக்கறை நியாயமானதுதான். ஆனால் எது அதிக ஆபத்து? நல்ல உடம்போடு, குழுவில் ஓட்டிப் பழகிய மாற்று ஆளா, கண் சொருகிக்கொண்டு முப்பது சென்டிமீட்டர் இடைவெளியில் ஓட்டும் பழைய ஆளா? வைரஸ் காய்ச்சல் இருக்கும்போது உடம்பை முழு வேகத்தில் விரட்டினால் இதயத் தசை வீக்கம் வரை போகலாம் என்று மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். உங்கள் விதி அப்படிப்பட்டவரைத்தான் வீட்டிலிருந்து இழுத்து வருகிறது. மாற்று ஆள் உண்டு என்று தெரிந்தால் அவர் நிம்மதியாகப் படுத்திருப்பார்.

ஜோடிப் பந்தயத்தில் ஒருவருடைய உடம்பு எவ்வளவு முக்கியம் என்று உங்களைவிட நன்றாக அறிந்தவர்கள் யார்? மணிக்கு நாற்பது கிலோமீட்டரில் நம்மை எதிர்ப்பதில் பெரும் பங்கு காற்றுதான். முன்னால் ஓட்டுகிறவரின் மறைவில் போகிறவருக்குக் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை உழைப்பு மிச்சம். ஆனால் கடிகாரம் நிற்பது இரண்டாவது ஆள் கோட்டைத் தாண்டும்போது. அதனால் பலசாலி வேகத்தை ஏற்றாமல், முன்னால் நிற்கும் நேரத்தை மட்டும் நீட்ட வேண்டும். இந்த விளையாட்டின் அழகே அதுதான். தன் வேகத்தை அடுத்தவர் தாங்கும் அளவுக்கு அடக்கத் தெரிய வேண்டும். 1962-இல் இத்தாலியின் டிரோஃபியோ பாராக்கி ஜோடிப் பந்தயத்தில் ஜாக் ஆன்கெட்டில் முழுசாகத் துவண்டுபோனார். அந்தக் காலத்தின் மிகச் சிறந்த டைம் டிரையல் வீரர் அவர். அவருடைய கூட்டாளி ருடி ஆல்டிக் அவரைக் கையால் தள்ளித் தள்ளிக் கொண்டுபோய்ச் சேர்த்தார், இருவரும் வென்றும்விட்டார்கள். ஆன்கெட்டிலுக்கே அந்த நிலை என்றால், வாரம் முழுக்க வேலைக்குப் போய்விட்டு, காய்ச்சலோடு வந்து நிற்கும் அமெச்சூருக்கு?

அந்தப் பாராக்கி 1991-உடன் நின்றுவிட்டது. ஒலிம்பிக்கில் நால்வர் அணியாக ஓடிய 100 கிலோமீட்டர் டைம் டிரையலும் 1992-க்குப் பிறகு இல்லை. இரண்டு பேர் சேர்ந்து கடிகாரத்தை எதிர்த்து ஓடும் இந்தப் பந்தயத்தை இன்று பெரும்பாலும் உயிரோடு வைத்திருப்பது எங்களைப் போன்ற அமெச்சூர்களும், உங்களைப் போன்ற உள்ளூர் அமைப்பாளர்களும்தான். அதை நினைத்துத்தான் வருத்தம் கூடுகிறது. வந்து நிற்பவர்களையே திருப்பி அனுப்பினால் அடுத்த வருடம் யார் பதிவு செய்வார்கள்?

இன்னொரு எதிர்வாதமும் காதில் விழுந்தது. கடைசி நேரத்தில் பலசாலி ஒருவரை உள்ளே கொண்டுவந்து பரிசைத் தட்டிக்கொண்டு போவார்களாம். அப்படியானால் மாற்று ஜோடிக்குப் பரிசு கிடையாது என்று எழுதிவிடுங்கள், விஷயம் முடிந்தது. பரிசுக்காகப் பருவத் தொடக்கப் பந்தயத்துக்கு யாரும் வருவதில்லை, சாதனை நேரத்துக்காகவும் இல்லை. குளிர்ந்த காற்று அடர்த்தி கூடியது, 5 டிகிரியில் 20 டிகிரியை விடச் சுமார் 5 சதவீதம் அதிகம். சொந்த நேரத்தை முறியடிக்க நினைக்கிறவர் கோடைக்காகக் காத்திருப்பார். குளிர்காலம் முழுக்க அறைக்குள் டிரெய்னரில், சைக்கிளை நின்ற இடத்திலேயே மிதிக்க வைக்கும் தாங்கியில், மிதித்தது எதற்கு உதவியது என்று பார்க்கவும், அடுத்தவரோடு முறை மாறி ஓட்டும் பழக்கத்தைத் திரும்பப் பிடிக்கவும்தான் இப்போது வருகிறோம். அந்த ஒரு வாய்ப்பும் போனால் அடுத்த ஜோடிப் பந்தயம் பல மாதம் தள்ளித்தான்.

கோபத்தை முழுசாக அடக்க முடியவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு விதி மட்டும் என்றால் இவ்வளவு ஆற்றாமை வந்திருக்காது. ஆணும் பெண்ணும் சேர்ந்த கலப்பு ஜோடிகளுக்குத் தனிப் பிரிவு கேட்டு எத்தனை பேர் எழுதினார்கள்? இன்னும் அவர்கள் ஆண்கள் பட்டியலின் அடியில்தான் கிடக்கிறார்கள். பெண்கள் ஜோடிகளை வருடா வருடம் முதலில் அனுப்புகிறீர்கள், சாலையில் உறைபனி விலகுமுன் திருப்பத்தைச் சோதித்துப் பார்க்கும் வேலை அவர்கள் தலையில் விழுகிறது. சாதாரண ரோடு பைக்கில் வரும் புதியவரை ஆரக்கால் இல்லாத மூடிய டிஸ்க் வீல் போட்ட டைம் டிரையல் சைக்கிளோடு ஒரே வரிசையில் வைத்துவிட்டு, புது ஆள் வருவதில்லை என்று கூட்டத்தில் கவலைப்படுகிறீர்கள். கடிதம் போட்டால் கிடைத்தது என்றுகூடப் பதில் வருவதில்லை. கிணற்றில் போட்ட கல் மாதிரி.

சரி, அவற்றைத் தனியாக எழுதுகிறேன். இப்போதைக்கு ஒன்றே ஒன்று.

ஜோடியில் ஒருவரை மாற்ற, எண் அட்டை மேசை மூடும் வரை அனுமதியுங்கள். மாற்று ஆள் மற்ற எல்லாரையும் போல உறுப்பினராக இருக்கட்டும், உறுதிமொழியில் கையெழுத்துப் போடட்டும். குழுவில் ஒட்டி ஓட்டிய அனுபவம் உண்டா என்று கேளுங்கள், சந்தேகம் இருந்தால் மறுத்துவிடுங்கள், அந்த அதிகாரம் உங்களிடமே இருக்கட்டும். பட்டியலைத் திருத்த வேண்டாம், மாற்று ஜோடிகளைக் கடைசியில் அனுப்புங்கள். நேரம் பார்ப்பவரிடம் ஒரு துண்டுச் சீட்டில் இரண்டு பெயர் எழுதிக் கொடுத்தால் போதும். ஜோடி அமையாமல் தனியாக நிற்பவர்கள் பெயரைக் குறித்துக்கொள்ள மேசையில் ஒரு தாள் வைத்தால் இன்னும் நல்லது. கட்டணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. எங்கள் கட்டணம் உங்களிடமே இருக்கட்டும், எங்களைச் சாலையில் விடுங்கள்.

அடுத்த இரட்டையர் பந்தயத்துக்குப் பதிவு தொடங்குமுன் இதைக் குழுவில் வைத்து ஒரு முடிவு எடுக்குமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். முடியாது என்பது முடிவானால் அதற்கான காரணத்தையாவது எழுத்தில் கொடுங்கள். விதியை மாற்றினால் அன்று மேசையில் உதவிக்கு ஒரு ஆள் கூடுதலாக வேண்டியிருக்கும். அந்த வேலைக்கு என் பெயரை இப்போதே எழுதிக்கொள்ளலாம்.

மரியாதையுடன்,
ஓட முடியாமல் திரும்பிப் போன ஒரு போட்டியாளன்