லா ஒரோயா: குழந்தைகளின் ரத்தத்தை அளந்தது போதும்

பெரு நாட்டின் மதிப்பிற்குரிய சுகாதார அமைச்சர் அவர்களுக்கும் சுற்றுச்சூழல் அமைச்சர் அவர்களுக்கும்,

வணக்கம். நான் உங்கள் நாட்டுக்கு வந்ததில்லை. பல வருடம் ஆய்வகத்தில் ரத்தப் பரிசோதனை செய்து ஓய்வு பெற்றவன். அதில் கொஞ்ச காலம் ரத்தத்தில் ஈயம் அளப்பதே என் வேலையாக இருந்தது. உருக்காலை மாசால் பாதிக்கப்பட்ட லா ஒரோயா ஊர் மக்கள் உங்கள் அரசின்மீது தொடுத்த வழக்கில் அமெரிக்க நாடுகளுக்கிடையேயான மனித உரிமை நீதிமன்றம் 2024 மார்ச்சில் வெளியிட்ட தீர்ப்பைப் பற்றிப் படித்தபின் சும்மா இருக்க முடியவில்லை. அதனால்தான் எனக்குத் தெரிந்த மொழியில் இந்த மடலை எழுதுகிறேன்.

மந்தாரோ ஆற்றங்கரையில் 1922-ல் எழுந்த உருக்காலை, அதன் 167 மீட்டர் புகைபோக்கி, 1974-ல் அரசு எடுத்துக்கொண்டது, 1997-ல் டோ ரன் என்ற அமெரிக்க நிறுவனத்துக்கு விற்றது எல்லாம் உங்கள் கோப்புகளிலேயே இருக்கும். அதையெல்லாம் திரும்பச் சொல்லப் போவதில்லை. வழக்கில் பாதிக்கப்பட்டவர்கள் 80 பேர். ஹுவான், மரியா என்ற பெயர்களோடு ஓர் எண்ணைச் சேர்த்துத்தான் அவர்களைக் குறிப்பிட்டார்கள். சுத்தமான காற்று கேட்டவர்கள் சொந்த ஊரில் தங்கள் பெயரை மறைக்க வேண்டியிருந்தது. அவர்களில் ஹுவான் 5, மரியா 14 என்ற இருவர் இன்று உயிரோடு இல்லை. அவர்களின் வாழும் உரிமை பறிபோனதற்கு அரசே பொறுப்பு என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது.

என் மனதை விட்டு அகலாதது கசராக்ரா. ரத்தத்தில் ஈயம் மிக அதிகமாக இருந்த சின்னக் குழந்தைகளை, உங்கள் அமைச்சகமும் ஆலை நிர்வாகமும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, தினமும் ஊருக்கு வெளியே கசராக்ராவில் இருந்த குழந்தைகள் காப்பகத்துக்கு வண்டியில் கூட்டிப்போனார்கள். பகலெல்லாம் அங்கே நல்ல சாப்பாடு, விளையாட்டு, கை கழுவப் பழக்குதல். சாயங்காலம் திரும்பவும் லா ஒரோயாவில் கொண்டுவந்து விட்டார்கள். அதே வீடு, அதே மண் தரை, அதே தலையணை. தவழும் பிள்ளை தரையில் கை வைக்கும், அந்தக் கை வாய்க்குப் போகும். ஈயம் உள்ளே போகும் வழி அவ்வளவுதான். வீடு விஷம் என்று தெரிந்ததால்தானே பகலில் பிள்ளையை அப்புறப்படுத்தினீர்கள்? இரவில் எந்த நியாயத்தில் அங்கேயே படுக்க வைத்தீர்கள்? அந்த வண்டி வரும் நேரத்தில் வாசலில் நின்ற தாய்க்கு யாராவது இதற்குப் பதில் சொன்னார்களா?

அளவு தெரியாமல் நடந்தது என்றும் சொல்ல முடியாது. 1999-ல் உங்கள் சுற்றுச்சூழல் சுகாதார இயக்குநரகமே 346 குழந்தைகளைச் சோதித்தது. 100 மில்லி ரத்தத்தில் சராசரி 33.6 மைக்ரோகிராம் ஈயம். ஆலைக்கு எதிரே உள்ள பழைய லா ஒரோயாவில் சராசரி 43.5. அன்றைய உலக வழக்கில் கவலைப்பட வேண்டிய எல்லை 10. 2005-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகம் வந்து அளந்தபோதும் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 97 சதவீதம் பேர் அந்த எல்லையைத் தாண்டியிருந்தார்கள். இப்போது அமெரிக்காவில் அந்த எல்லையை 3.5 ஆகக் குறைத்துவிட்டார்கள். பாதுகாப்பான அளவு என்று ஒன்றே இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

எண்ணைச் சொல்லிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிடுவது எவ்வளவு சுலபம் என்று எனக்குத் தெரியும், நானும் அதைச் செய்தவன். ஆனால் ஈயம் எலும்பில் போய் உட்கார்ந்து பல பத்தாண்டுகள் தங்கும். ரத்தத்திலிருந்து ஈயத்தை வெளியேற்ற மருந்து இருக்கிறது. பிள்ளை திரும்பப் போகும் இடத்தில் புழுதி அப்படியே இருந்தால் அந்த மருந்து என்ன செய்யும்? ஆகவே என் கோரிக்கை ஒன்றுதான்: குழந்தைகளின் ரத்தத்தை அளந்தது போதும். அவர்கள் வீட்டு மண்ணையும் குடிக்கும் நீரையும் சுவாசிக்கும் காற்றையும் அளந்து, சுத்தம் செய்யுங்கள். ஊரில் எல்லாருக்கும் இலவச வைத்தியம் கொடுங்கள்.

இது புதிதாக நான் கேட்பதல்ல. மாசு எவ்வளவு என்று அடிப்படை ஆய்வு நடத்துவதும் வைத்தியம் தருவதும் தீர்ப்பிலேயே உள்ளவை. அதற்கு முன்னால் 2006 மே மாதம் உங்கள் அரசியல் சாசன நீதிமன்றமே, 30 நாளில் அவசர சுகாதாரத் திட்டத்தைச் செயல்படுத்துங்கள் என்று உத்தரவிட்டது. அந்த 30 நாள் உத்தரவு நிறைவேறாததால்தான் மக்கள் நாட்டுக்கு வெளியே போய் நீதி தேடினார்கள். அன்று பிறந்த பிள்ளைக்குத் தீர்ப்பு வந்தபோது 17 வயது.

இதற்கு நடுவில் 2017-ல் இன்னொன்று செய்தீர்கள். உருக்காலைப் புகையில் வரும் கந்தக டை ஆக்சைடு வாயுவுக்கு நாட்டின் பெரும்பகுதியில் 20 என்றிருந்த ஒருநாள் வரம்பை 250 மைக்ரோகிராமாக உயர்த்தினீர்கள். காற்று மாறவில்லை, காகிதத்தில் எண்தான் மாறியது. ஆலைக்குத் தந்த சுற்றுச்சூழல் கெடுவும் இப்படித்தான் 2006-லும் 2009-லும் நீண்டது. ஆலை கேட்டால் அவகாசம் கிடைக்கிறது. குழந்தை யாரிடம் போய் அவகாசம் கேட்கும்? உங்கள் நாட்டின் வேறு இடங்களிலும் இதே கதைதான்: சுரங்க நகரமான செர்ரோ டி பாஸ்கோவில் பிள்ளைகளின் உடம்பில் ஈயம், அமேசான் காட்டுப் பகுதியான மாத்ரே டி தியோஸில் தங்கச் சுரங்கப் பாதரசம் மீன் வழியாகத் தட்டுக்கு வருகிறது. ஒவ்வொரு இடத்திலும் ரத்தமும் தலைமுடியும் எடுத்துப் போய்க் கட்டுரை எழுதியாகிவிட்டது. மாதிரி கொடுத்தவர்கள் அதே இடத்தில்தான் இருக்கிறார்கள்.

மன்னியுங்கள், பேச்சு எங்கோ போய்விட்டது. கோபம் வந்தால் இப்படித்தான்.

ஆலை வேண்டும் என்று கொடி பிடிப்பவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. அந்த ஊரில் வேறு வேலை இல்லை, அவர்களும் அதே குழந்தைகளின் அப்பா அம்மாக்கள்தான். நின்றுபோயிருந்த ஆலையைத் திரும்ப ஓட்டும் முயற்சியில் பழைய தொழிலாளர்களே இறங்கியிருக்கிறார்கள். சரி, ஓடட்டும் என்று நீங்கள் முடிவு செய்தால், அடுப்பு முழுதாக எரியும் முன் மண்ணை அளந்துவிடுங்கள். பழைய மாசு எவ்வளவு, புதிதாகச் சேர்வது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல அப்போதுதான் முடியும். ஒரு தடவை அதன்மேல் புதுப் புழுதி படிந்துவிட்டால் என்னைப் போன்ற ஆய்வகக்காரர்களால்கூடக் கணக்குச் சொல்வது கஷ்டம்.

தெருவாரியாக அளந்து, முடிவை ஸ்பானிய மொழியில், எளிய சொற்களில், அந்தந்த வீட்டுக்காரர் கையில் கொடுங்கள். கூடவே எப்போது சுத்தம் செய்வீர்கள் என்று ஒரு தேதியும், எந்த மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று ஒரு முகவரியும் எழுதிக் கொடுங்கள். குழந்தைகளின் ரத்தத்தை அளந்தது போதும். தயவுசெய்து இதைச் செய்யுங்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வகப் பணியாளன்