கெஸ்ட் போட்டோ ஆல்பம் பிளான் எடுக்கறவங்க தேதிய பாருங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

இப்பல்லாம் விசேஷம்னா க்யூஆர் கோட் ஒட்டி வச்சு, வந்தவங்க எடுத்த போட்டோ எல்லாத்தையும் ஒரே ஆல்பத்துல சேக்கறாங்க. நல்ல விஷயம்தான், போட்டோகிராபர் மேடைய பார்த்துட்டு நிக்கறப்போ ஓரத்துல நடக்கறது எல்லாம் சொந்தக்காரங்க போன்லதான் சிக்குது. ஆனா இந்த ஆல்பம் வசதிய தர்ற கம்பெனிகிட்ட பிளான் எடுக்கறப்போ எத்தனை பேர் அப்லோட் பண்ணலாம்னு மட்டும்தான் பாக்கறோம். அக்கா கல்யாணத்துக்கு நாங்களும் அப்படித்தான் எடுத்தோம், மூணு மாசம் கழிச்சு ஆற அமர பாக்கலாம்னு திறந்தா ஆல்பமே இல்ல, டைம் முடிஞ்சு போச்சாம். தாத்தா வாய்விட்டு சிரிக்கற ஒரு வீடியோ அதுல இருந்துச்சு, எடுத்தது யாருன்னே தெரியாதப்போ யார்கிட்ட போய் கேக்கறது?

அதனால முதல்ல தேதிய கேளுங்க. அப்லோட் மூடற நாள் வேற, மொத்தமா அழிக்கற நாள் வேற, ரெண்டையும் போன்ல ரிமைண்டர் போட்டு வைங்க. அடுத்தது, ஒரிஜினல் சைஸ்லயே மொத்தமா டவுன்லோட் பண்ண விடுறாங்களான்னு பாருங்க, சில பிளான்ல காசு கட்டுனாதான் ஒரிஜினல், இல்லன்னா சுருக்குன போட்டோதான்.

இடம் எவ்ளோ வேணும்னு கணக்கு போடறது கஷ்டமில்ல. 200 பேர் ஆளுக்கு 10 போட்டோ, ஒண்ணு 3 எம்பின்னு வச்சா 6 ஜிபிதான் வருது. வீடியோலதான் மாட்டிக்குவோம், 4கே-ல, அதாவது ரொம்ப தெளிவா எடுக்கற செட்டிங்ல, ஒரு நிமிஷம் எடுத்தாலே செட்டிங்க பொறுத்து 170 எம்பில இருந்து 350 எம்பி, அதுக்கு மேலயும் போகும், அப்படி 30 வீடியோ வந்தா மொத்த போட்டோவையும் தாண்டிடலாம். அன்லிமிடெட் போட்டோன்னு போட்டிருக்கற பிளான்லயும் வீடியோ எத்தனை நிமிஷம் வரைக்கும் ஏத்தலாம்னு தேடி பாருங்க.

வாட்ஸ்அப் குரூப் போதுமேன்னு சொல்றவங்களுக்கு, அதுல சாதாரணமா அனுப்பற போட்டோ சுருங்கிடும், டாக்குமெண்டா அனுப்பினாதான் அப்படியே வரும், அத எத்தனை பேர் செய்வாங்க. கூகுள் போட்டோஸ் ஷேர்டு ஆல்பத்துல 20,000 வரைக்கும் போடலாம், சின்ன விசேஷத்துக்கு அதுவே தாராளம். ஆனா போடறவங்களுக்கு கூகுள் அக்கவுண்ட் வேணும், ஃப்ரீயா தர்ற 15 ஜிபில மெயிலும் சேர்ந்துதான் கணக்கு.

பெரியவங்க நிறைய பேர் வர்றாங்கன்னா ஆப் இறக்காம, லாகின் கேக்காம, பிரவுசர்லயே திறக்கற பிளானா எடுங்க, ஆப் இறக்க சொன்னாலே பாதி பேர் விட்டுடுவாங்க. குழந்தைங்க போட்டோவும் வரும்ங்கறதால லிங்க் கிடைச்ச யாரும் பாக்கற மாதிரி இருக்க கூடாது, பாஸ்வேர்டு இருக்கணும்.

இத விக்கறவங்ககிட்ட ஒரு வேண்டுகோள். அழிக்கற தேதிய கண்டிஷன்ஸ்க்குள்ள ஒளிச்சு வைக்காம விலைக்கு பக்கத்துலயே பெருசா போடுங்க, அழிக்கறதுக்கு ஒரு வாரம் முன்னாடி போன் பண்ணி சொல்லுங்க. எங்களுக்கு மெயில் அனுப்பினதா அந்த கம்பெனில சொன்னாங்க, தேடி பார்த்தப்போ அது ஸ்பேம்ல கிடந்துச்சு.

இப்படிக்கு,
ஒரு வாசகி