வழியில ஒரு சிறுகோள்

பாளையங்கோட்டை

அன்புள்ள சுடலைக்கு,

கடுதாசி கிடைச்சுது. நடுவழியில விண்கலத்தச் சிறுகோள் பக்கம் திருப்புனா எரிபொருள் தீர்ந்துராதான்னு கேட்டிருந்தே. பைபாஸ்ல பறக்குற பஸ்ஸ நாங்குநேரி விலக்குக்கு வந்து உள்ள திருப்புற மாதிரி நினைச்சுக்கிட்ட மக்கா. எப்பத் திருப்புறோங்கிறதுலதான் செலவே இருக்கு.

நாசாவோட லூசி விண்கலத்தப் பாரு. டின்கினேஷ் சிறுகோளை 2023 ஜனவரியிலதான் அது பாக்க வேண்டிய பட்டியல்ல சேத்தாங்க. சும்மா விட்டிருந்தா 64,000 கி.மீ. தள்ளிப் போயிருக்கும். மே மாசம் வினாடிக்கு 3.4 மீட்டர் வேகம் மாத்துனாங்க. சிறுகோளைக் கடக்குற நவம்பர் 1 வரைக்கும் 176 நாள். பெருக்கிப் பாரு, 50,000 கி.மீ. சொச்சம் நகந்துரும். நேர்கோட்டுக் கணக்குதான், சூரியன் இழுப்புல கூடக் குறைய வரும். அதே 64,000-ஐ கடக்குறதுக்குப் பத்தே நாள் இருக்கையில செஞ்சா வினாடிக்கு 74 மீட்டர் வேணும். இருபது மடங்குக்கு மேல எரிபொருள்!

கஷ்டம் குறி பாக்குறதுலதான். எதிர வர்ற கல்லு பக்கவாட்டுல எவ்வளவு விலகியிருக்குன்னு கேமரா சொல்லிரும். எவ்வளவு தூரத்துல இருக்குன்னு சொல்லாது. 430 கி.மீ. தள்ளி, வினாடிக்கு 4.5 கி.மீ. வேகத்துல கடக்கையில, ரெண்டு வினாடி பிசகுனா ஒம்பது கி.மீ., கேமராவுக்கு 1.2 டிகிரி. அந்த நெடுநோக்குக் கேமரா பாக்குற அகலமே 0.29 டிகிரி, நிலாவுல பாதிக்குச் சித்த கூட. எல்லாப் படமும் வெறும் வானம்தான். அதான் கலமே கல்லைக் கண்டுபிடிச்சுத் திரும்புற ஏற்பாட்டை வச்சாங்க. சரியா வேலை செஞ்சுது. கூடவே ஒரு குட்டி நிலாவும் சிக்குச்சு.

வியாழனுக்குப் போன கலிலியோ விண்கலத்தோட பாடு வேற. வழியில ஐடாங்கிற சிறுகோள் பக்கம் திரும்ப 34 கிலோ எரிபொருள். பெரிய இன்ஜின் வாயை வியாழனுக்குள்ள இறக்குற கலம் மறைச்சுக்கிட்டிருந்ததால, 10 நியூட்டன் த்ரஸ்டரை, அதாவது குட்டி இன்ஜினைத்தான், விட்டு விட்டு எரிக்கணும். நம்ம மகேந்திரகிரியில சோதிக்கிற 440 நியூட்டன் இன்ஜின்கிட்ட அது பொடிசு. பெரிய ஆன்டெனா வேற விரியல. வினாடிக்கு 40 பிட்தான் பூமிக்கு அனுப்ப முடிஞ்சுது. 800-க்கு 800 புள்ளி, புள்ளிக்கு 8 பிட்டுன்னா ஒரு படம் இறங்க முப்பத்தஞ்சரை மணி நேரம். அதனால முழுப்படம் எடுக்காம, இடைவெளி விட்டுச் சில வரியை மட்டும் இறக்கி, கல்லு எந்தப் படத்துல விழுந்திருக்குன்னு தேடுனாங்க. 1993 ஆகஸ்ட்ல கடந்தது. ஐடாவோட நிலா டாக்டில் கண்ணுல பட்டது 1994 பிப்ரவரியில.

2008-ல ரொசெட்டா விண்கலம் ஸ்டைன்ஸ் சிறுகோளைக் கடக்கையில, நெருங்குற சமயம் பாத்து நெடுநோக்குக் கேமரா தானா நின்னுட்டு. அகலக் கேமரா இருந்ததோ, பொழச்சுது. ஒண்ணை மட்டும் நம்பி அனுப்பக்கூடாது பாத்துக்க.

74 எப்பிடி வந்துதுன்னு நீயே ஒருக்கா போட்டுப் பாரு. விடை மாறுனா எழுது.

அன்புடன்,
இசக்கி