ஓட்டு இருக்கட்டும், மேட்ச் பார்த்தீர்களா?

ஆசிரியருக்கு வணக்கம். பிடித்த ஹாக்கி வீரருக்கு ரசிகர்கள் ஓட்டுப் போடுவது பற்றி எழுதலாம் என்று தோன்றியது. தக்கலையில் நாங்கள் டீ குடிக்கும் கடையில் இந்திய ஹாக்கி கோல்கீப்பர் ஸ்ரீஜேஷுக்காக எல்லோர் போனையும் பிடுங்கி ஓட்டுப் போட வைத்தது நான்தான், பழம்பொரி தின்ற எண்ணெய் விரலால் ஒருத்தர் வேறு பெயரை அமுக்கிவிட, அதற்கு ஒரு சண்டை வேறு! கடைசியில் 1,27,647 ஓட்டு வாங்கி 2021-க்கான வேர்ல்டு கேம்ஸ் சிறந்த வீரர் விருதை அவர் ஜெயித்தார். 2019-க்கான அதே விருதை நம் பெண்கள் அணியின் ராணி ராம்பால் 1,99,477 ஓட்டு வாங்கி ஜெயித்திருந்தார்.

சந்தோஷம்தான். ஆனால் அதே 2021-ல் சர்வதேச ஹாக்கி சம்மேளனத்தின் எட்டு விருதும் நமக்கே வந்தபோது, டோக்கியோவில் தங்கம் வாங்கிய பெல்ஜியம் இந்த ஓட்டு முறையே தப்பு என்று கொதித்தது. அந்தச் சம்மேளன விருதுகளில் ரசிகர் ஓட்டு ஒரு பங்குதான், இருந்தாலும் தலையை எண்ணினால் நம்மை யார் மிஞ்ச முடியும்? அவர்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. நாகர்கோவில் அண்ணா ஸ்டேடியத்தில் ஹாக்கி நடந்தால் வாசலில் ஒரு பெட்டி வைத்து, கடைசி விசில் வரை உட்கார்ந்தவர்களுக்கு மட்டும் சீட்டுக் கொடுங்கள், அப்போது எதிரணி பெனால்டி கார்னரில் கோலை நோக்கி அடிக்கும்போது தடுக்க முதல் ஆளாக ஓடிப்போய்ப் பந்தை முழங்காலில் வாங்குகிற பையனுக்கும் நாலு ஓட்டு விழும்.

– ஒரு வாசகர், தக்கலை