முயலுக்கு நிழல் வேண்டும்

ஆசிரியருக்கு,

மொட்டை மாடியில் தகரக் கொட்டகை போட்டுக் கறிக்கு முயல் வளர்க்கும் சென்னைவாசிகள், கத்திரி வெயிலில் அதற்குள் கொஞ்ச நேரம் நின்று பார்க்க வேண்டும். முயலுக்கு வியர்க்காது, உடல் சூட்டைப் பெரும்பாலும் காது வழியாகத்தான் இறக்கும். 30 டிகிரிக்கு மேல் சூடு நீடித்தால் தீனி எடுக்காது, ஆண் முயலின் விந்துத் தரமும் குறையும். ஊட்டிக் குளிரில் செழிக்கும் நியூசிலாந்து வெள்ளை இன முயல் இங்கே மூச்சிரைத்துச் சாகிறது, பாவம். கூரை மேல் தென்னங்கீற்று, பக்கவாட்டில் நனைத்த சாக்கு, மதியம் குளிர்ந்த தண்ணீர். பெரிய செலவே இல்லை. அப்புறம், பால் மறக்காத குட்டிகளைச் சந்தையில் விற்பதைக் கால்நடைத் துறை தடுக்க வேண்டும். தாயைப் பிரிந்து தீவனம் மாறியதும் கழிச்சல் கண்டு இறந்துவிடுகின்றன.

ஒரு வாசகர், பெரம்பூர், சென்னை