சாப்பாட்டு நேரம் விசாரணை நேரமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எங்கள் வீட்டில் இரவில் நாலு பேரும் சேர்ந்துதான் சாப்பிடுவோம். ஆனால் பல வருடங்களாக அங்கே நடந்தது பேச்சு இல்லை, விசாரணை. "இன்னிக்கு ஸ்கூல் எப்படி?" "நல்லா இருந்துச்சு." "டெஸ்ட் மார்க் வந்துச்சா?" இதற்குப் பதில் வராது. மகன் அவசர அவசரமாகச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போய்விடுவான். போன்தான் காரணம் என்று நினைத்து, சாப்பிடும்போது போன் கூடாது என்று சொல்லிப் பார்த்தோம். போன் போனது, பேச்சு வரவில்லை.

ஒரு நாள் அலுவலகத்தில் ஒரு கணக்கைத் தப்பாகக் கூட்டி அனுப்பிவிட்டேன். எல்லோர் முன்னாலும் பேச்சு வாங்கினேன். அன்று ராத்திரி மனசு தாங்காமல் கணவரிடம் அதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். எழுந்துகொண்டிருந்த மகன் திரும்ப உட்கார்ந்தான். "அப்புறம் நீங்க என்னம்மா சொன்னீங்க?" என்றான். அன்று கை காய்ந்த பிறகும் யாரும் எழுந்திருக்கவில்லை. கணக்குப் பரீட்சையில் தான் கோட்டைவிட்டதை அவனாகவே சொன்னான். மூன்று வாரமாக உள்ளுக்குள்ளேயே வைத்திருந்தானாம்! கேட்டுக் கேட்டு வராதது, நான் என் கதையைச் சொன்னதும் வந்துவிட்டது.

அமெரிக்காவில் எமரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்ஷல் டியூக், ராபின் ஃபைவஷ் என்ற உளவியலாளர்கள் பிள்ளைகளிடம் 20 கேள்விகள் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். உன் பெயர் எப்படி வந்தது, அப்பா அம்மா எப்படிச் சந்தித்தார்கள், தாத்தா பாட்டி எங்கே வளர்ந்தார்கள் என்பது மாதிரியான கேள்விகள். குடும்பக் கதை நிறையத் தெரிந்த பிள்ளைகளுக்குத் தன்மதிப்பும் அதிகமாக இருந்ததாம். அதற்காக அந்தப் பதில்களை உருப்போட வைத்தால் பலன் கிடையாது என்றும் அவர்களே சொல்கிறார்கள். கூடி உட்கார்ந்து சொல்வதும் கேட்பதும்தான் முக்கியம்.

மார்க், கடன், திட்டு இவற்றையெல்லாம் வேறு நேரத்துக்கு ஒதுக்கலாம். பெரியவர்கள் முதலில் வாயைத் திறக்க வேண்டும், அதுவும் தோற்ற கதையிலிருந்து. தினமும் முடியாதவர்கள் வாரத்தில் இரண்டு நாளாவது உட்காரலாம், காலைச் சாப்பாடானாலும் சரி.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். குடும்பப் பக்கத்தில் வாரம் ஒரு கேள்வி போடுங்கள். பிள்ளைகள் பெற்றோரிடம் கேட்கிற மாதிரி இருக்கட்டும். முதல் கேள்வியை நானே தருகிறேன்: "என் வயசுல நீங்க எதுக்கு ரொம்ப பயந்தீங்க?"

இப்படிக்கு,
ஒரு வாசகி