மூன்று இளவரசர்களுக்கு ஒரே பதிவு

ஃபிரீமேசன் என்ற சகோதர சங்கத்தின் ஆவணங்களுக்குத் தமிழில் அட்டவணை தயாரிக்கும் எண்ணிம நூலகக் குழுவினருக்கு,

வணக்கம். சென்ற மாதம் நீங்கள் வெளியிட்ட பெயர் அட்டவணையில் 'வேல்ஸ் இளவரசர்' என்று ஒரே பதிவுதான் இருக்கிறது. அவர் 1737, 1787, 1868 என மூன்று முறை ஃபிரீமேசனாகச் சேர்ந்ததாக அது காட்டுகிறது. அது பட்டம்தான்; ஆட்கள் மூவர். 1737இல் லண்டன் அருகே கியூ அரண்மனையில் சேர்ந்தவர் இரண்டாம் ஜார்ஜின் மகன் ஃபிரெடரிக். 1787இல் சேர்ந்தவர் பின்னாளில் நான்காம் ஜார்ஜ் ஆனவர். 1868இல் ஸ்டாக்ஹோமில் சேர்ந்தவர் விக்டோரியாவின் மகன், பிற்கால ஏழாம் எட்வர்ட்.

'கென்ட் கோமகன்' பதிவு இன்னும் மோசம். 1813இல் இங்கிலாந்தில் இரண்டு தலைமைச் சபைகள் போட்டியாக இருந்தன. 'ஆன்ஷியன்ட்ஸ்' சபைக்கு விக்டோரியாவின் தந்தை எட்வர்ட் தலைவர். மற்றதற்கு அவர் தம்பி சசெக்ஸ் கோமகன். டிசம்பர் 27 அன்று சபைகள் இணைந்தன. அண்ணன் வழிவிட, தம்பி 1843இல் இறக்கும்வரை தலைவராக இருந்தார். 1939இல் தலைவரான கென்ட் கோமகன் ஜார்ஜ். 1967இல் வந்தவர் அவருடைய மகன். மூவரையும் ஒன்றாகக் கொட்டிவைத்திருப்பதால், அந்த இணைப்பைப் பற்றித் தேடும் மாணவர் இருபதாம் நூற்றாண்டுத் தாள்களை ஒவ்வொன்றாகத் திறந்து, ஆண்டு பார்த்து மூட வேண்டியிருக்கிறது. ஒரு நாள் இப்படியே போய்விடும்.

பட்டத்தோடு இயற்பெயர், பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு மூன்றையும் தயவுசெய்து சேருங்கள்.

நம் பக்கத்து ஆவணமும் இதில் தொலைந்திருக்கிறது. ஆற்காட்டு நவாபின் மகன் உம்தத் உல் உமரா 1770களில் திருச்சிராப்பள்ளியில் ஃபிரீமேசனானார். லண்டன் தலைமைச் சபை அவருக்கு உறுப்பினர்கள் அணியும் ஏப்ரனும் விதிநூலும் அனுப்பியது. அவர் பாரசீகத்தில் பதில் எழுதினார். பழைய ஆங்கிலப் பதிவுகளில் அவர் 'ஓம்டிட் உல் ஓம்ரா'. அந்த எழுத்துக்கூட்டலை அப்படியே ஏற்றியதால், சரியான பெயரில் தேடினால் ஒன்றும் வருவதில்லை. போதாததற்கு ஃபிரீமேசன்களின் கிளைச் சபையைக் குறிக்கும் 'லாட்ஜ்' என்ற சொல் எங்கும் 'தங்கும் விடுதி' ஆகியிருக்கிறது. ஒரு இளவரசர் திருச்சியில் அறை எடுத்துத் தங்கினார் என்றல்லவா வாசகர் படிப்பார்? தமிழில் வருகிறதென்றால் சரிபார்க்க ஆள் வேண்டாம் என்று யார் முடிவு செய்தது?

பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வேலைப்பளு தெரியாமல் எழுதவில்லை. முதலில் வேல்ஸ், கென்ட் பதிவுகளை ஆள்வாரியாகப் பிரியுங்கள்: இயற்பெயர், இரண்டு ஆண்டுகள். பிறகு உம்தத் உல் உமராவின் பதிவில் இரண்டு எழுத்துக்கூட்டல்களையும் இடுங்கள். அதுவரை, எடுத்துவிட்ட பழைய அட்டவணையின் பக்கப் படங்களையாவது மீண்டும் திறந்துவைக்க வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
இந்த ஆவணங்களைப் பயன்படுத்தும் வாசகர்கள்